கொட்டச்சேடு பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்து சீட்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் எங்கள் சாயங்கால பஸ் திரும்பி நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட எனக்குத் தெரியும். பஸ்ஸோடு கூடவே ஓட வேண்டும். துண்டைச் சுருட்டி எறிந்தால் உருண்டு கீழே விழுந்துவிடும். பாதியாக மடித்து, வலை வீசுகிற மாதிரி விசிறினால் சீட்டின் மேல் விரித்த மாதிரியே போய் உட்காரும். இடது பக்கம், இருவர் உட்காரும் சீட். ஜன்னலோரம் என் மகளுக்கு, பக்கத்து இடம் எனக்கு.

பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துண்டு கிடக்கிற சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். கைக்குட்டை, பை, குடை எதுவானாலும் சரிதான். பஸ் முழுக்க ஆட்கள் நசுங்கிக்கொண்டு நிற்பார்கள், துண்டு மட்டும் சொகுசாக உட்கார்ந்திருக்கும். அது யாருக்கும் வேடிக்கையாகப் பட்டதே இல்லை.

அந்த சீட் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்ததெல்லாம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தோட்ட வேலை பார்க்கிறேன். குடியிருப்பது கொட்டச்சேட்டில். என் மனைவி அங்கேயே எஸ்டேட் வேலைக்குப் போகிறாள். காலையில் நான் கிளம்பும்போது மகள் போர்வைக்குள் இருப்பாள். சனி, ஞாயிறுகளில் டூரிஸ்ட் கூட்டம் என்பதால் எனக்கு லீவு கிடையாது. லீவு கிடைக்கிற நாளில் அவளுக்குப் பள்ளிக்கூடம். ராத்திரி வீட்டில் சின்னவன் ஒரு பக்கம் கத்துவான், டிவி ஒரு பக்கம் கத்தும், அவள் வீட்டுப்பாடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். ஆக, என் மகள் எனக்கு மட்டும் கிடைப்பது அந்த பஸ்ஸில்தான். ஏற்காட்டில் ஏறியதும் வாயைத் திறந்தால் கொட்டச்சேடு வரைக்கும் மூடமாட்டாள். கணக்கு சார் எப்படித் தும்முவார், சத்துணவு முட்டையை எந்தப் பையன் இரண்டு தடவை வாங்கினான், யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் வரும். வளைவுகளில் தூக்கம் வந்தால் என் தோளில் சாய்ந்துகொள்வாள். நாள் முழுக்கப் புல் வெட்டிய தோள் அது. அப்போது வலி தெரியாது.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது சமூக அறிவியலுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். அன்றிலிருந்து வாய்க்கு வாய் “எங்க மிஸ்” வர ஆரம்பித்தது. முதலில் எனக்குப் பொறாமை வந்தது அந்த மிஸ் மேல்தான் என்றாலும், அதைச் சமாளிக்க முடிந்தது. டீச்சர் பஸ்ஸில் வரமாட்டாரே.

அந்த மிஸ் வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்து ஒரு வேலை கொடுத்தார். ஒரு ஆள் இன்னொரு ஆளை ஆளாகவே மதிக்காமல் தாண்டிப்போகிற இடம் ஒன்றை நம் ஊரிலேயே கண்டுபிடிக்க வேண்டும். யாரையும் திட்டாமல், யாரோடும் சண்டை போடாமல், அதை வருஷம் முடிவதற்குள் மாற்றிக் காட்ட வேண்டும். ஒரு குழு, வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை எடுத்துக்கொண்டது. இன்னொரு குழு, சாப்பிட்ட தட்டைச் சமையல்கார அம்மா எடுப்பார் என்று அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களை எடுத்துக்கொண்டது.

“நீங்க எதை எடுத்திருக்கீங்க சாமி?” என்று கேட்டேன். அதே சீட்டில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

“பஸ்ஸுப்பா” என்றாள்.

“நல்லதுதான் கண்ணு. கண்டக்டர் நொம்பத்தான் எரிஞ்சு உழுவறாப்ல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதோடு தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் வழக்கம்போல ஓடி, விசிறி, சீட் பிடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தால், என் மகளும் அவள் குழுவும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். “வரிசையில வாங்க, முன்னாடி வந்தவங்க முன்னாடி ஏறுங்க” என்று சொல்லிப் பார்க்கிறார்கள். குரல் அவர்களுக்கே கேட்டிருக்காது. ஜனம் அவர்களை ஒதுக்கிவிட்டு முட்டி மோதி ஏறியது. கடைசியில்தான் என் மகள் ஏறினாள். நான் ஜன்னலோர இடத்தைத் தட்டிக் காட்டினேன்.

“வா சாமி.”

“அப்பா, துண்டு போட்ட சீட்ல உக்காரமாட்டோம்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“யாரு முடிவு பண்ணுனது?”

“எங்க குரூப்பு.”

“நானு உங்க குரூப்புல இல்லியே.”

“அதான் நீங்க உக்காந்திருக்கீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று பட்டது.

இடுப்பில் குழந்தையோடு ஒரு எஸ்டேட்டுக்காரப் பெண் கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். என் மகள் அவளை, “அக்கா, இங்க வந்து உக்காருங்க” என்று கூப்பிட்டாள்.

“துண்டு கெடக்குது கண்ணு” என்றாள் அந்தப் பெண், தீ கிடக்கிறது என்று சொல்கிற மாதிரி.

“அது எங்கப்பாதுதானுங்க.” மகள் துண்டை எடுத்து, மடித்து, என் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். குழந்தை ஊர் வரைக்கும் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு வந்தது.

பின்னால் யார் பக்கத்தில் நின்றாள் என்பதுதான் விஷயம். கொட்டச்சேட்டில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் கடையில் மனைவியை உட்காரவைத்துவிட்டு ஏற்காட்டுக்கு வந்து சரக்கு வாங்கிக்கொண்டு போவார். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இரண்டு கையிலும் பைகள் இருப்பதால் அவர் ஒரு நாளும் துண்டு போட்டதில்லை. எப்போதும் பின்னால் நின்றுகொண்டேதான் வருவார். ஆக, துண்டு போடாதே என்று பிள்ளைகள் சொன்னபோது அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. இழந்தவன் நான். நல்ல பெயர் மட்டும் அவருக்கு.

அன்று பின்னாலிருந்து என் மகளின் குரல் கேட்டது. கணக்கு சாரைப் பற்றித்தான் ஏதோ சொன்னாள். கதை என் காதுக்கு எட்டவில்லை. முடிந்ததும் பாயின் சிரிப்பு மட்டும் எட்டியது. பஸ்ஸே அதிருகிற மாதிரி சிரிப்பார் மனுஷன்.

வீட்டில் கேட்டேன். “பஸ்ல என்ன சாமி அப்பிடிச் சிரிப்பு?”

“அதாப்பா? சொன்னா சிரிப்பு வராது. அங்கயே இருந்திருக்கணும்.”

நானும் அதே பஸ்ஸில்தானே இருந்தேன்!

இப்படியே நாட்கள் போயின. பாய்க்குக் கள்ளம் கபடம் கிடையாது. கிடைத்த செய்தியை உடனே கொண்டுவந்து தருகிறவர். அதுவே என்னை வதைத்தது. ஒரு நாள் ஊரில் இறங்கியதும், “ஏனுங்கண்ணா, உங்க புள்ளைக்கு நர்ஸு வேலைக்குப் படிக்கோணும்னு ஆசையாமுங்களே, சொல்லுச்சுங்களா?” என்றார்.

“சொல்லுச்சு, சொல்லுச்சு” என்றேன். சொல்லவே இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் அதற்குக் கவலைப்படவில்லை, என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். “ஏனுங்க, அந்தப் பாய் மேல இத்தன வயித்தெரிச்சலா? அவரு என்ன உங்க புள்ளையத் தூக்கிட்டா போயிட்டாரு? அவருக்கே சொந்தமா ஒண்ணு இருக்குது, அதுக்கு ரிப்பன் வாங்கிக் குடுக்கவே அவருக்கு நேரம் பத்தல.”

“பாய் மாமா, பாய் மாமான்னு இவதான் உசுரை உடறா.”

“பின்ன எப்பிடிக் கூப்புடுவா? பாய் சித்தப்பான்னா?”

நானும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் சூடாக மிளகாய் பஜ்ஜி ஒரு பொட்டலம் வாங்கினேன். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் ஆட்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். “கொஞ்சம் பின்னால குடுங்க, என்ற புள்ளைக்கு” என்று பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன். பொட்டலம் கை மாறி, கை மாறி, தலைகளுக்கு மேலே போனது. என் மகள் அதைப் பிரிப்பது தெரிந்தது. அவள் ஒன்று எடுத்தாள். சிநேகிதிக்கு ஒன்று. அப்புறம் பாயிடம் நீட்டினாள். அவர் கைகளில் பைகள் இருந்ததால் அவளே அவர் வாயில் ஊட்டிவிட்டாள்.

“நொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா!” என்று அங்கிருந்தே கத்தினார் பாய். பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

நான் தலையாட்டினேன். என் காசில், என் மகள் கையால், அவர் பஜ்ஜி தின்றார்.

பிள்ளைகளின் வேலையோ கொஞ்சம் கொஞ்சமாகப் பலித்துக்கொண்டிருந்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களில் சிலர் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். என்னைப் போல இன்னும் துண்டு போடுகிறவர்களும் இருந்தோம். அதனால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது பிள்ளைகள் இதையும் பேச எடுத்தார்கள். நான் லாட்ஜில் அரை நாள் லீவு கேட்டுப் போனேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே மேடை இல்லை. பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டீச்சர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நடத்தியதெல்லாம் பிள்ளைகள்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, பேசி முடித்தவருக்கு எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும், பிடிக்காததைச் சொன்னாலும் சொல்ல வேண்டும். இதுதான் அவர்கள் வைத்த முறை. நான் படித்த காலத்தில் வகுப்பில் வாய் திறந்தால் காது திருகப்படும். இங்கே ஒரு பையன், ஏற்காட்டில் பெரிய கடை வைத்திருக்கிற ஒருவரைப் பார்த்து, “ஐயா, அவங்க முடிக்கட்டுங்க, அடுத்தது நீங்கதான்” என்றான். அவரும் சரி என்று உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், அந்தப் பையன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. எங்கள் லாட்ஜ் மேனேஜரிடம் நான் ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பேனா?

பாய் எழுந்து, “நானு எப்பவும் நின்னுட்டுப் போறவன். புள்ளைங்க சொல்றது எனக்கு லாபந்தானுங்க” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்து நான்.

“துண்டு போடறதுல என்னங்க தப்பு?” என்று ஆரம்பித்தேன். “நானு போட்ட துண்ட இன்னொருத்தரு தொடமாட்டாரு. அவரு போட்டத நானு தொடமாட்டன். போலீசு இல்ல, காவலு இல்ல. ஒரு துணிக்கு இத்தன பேரு கட்டுப்படறாங்கன்னா அது மரியாதை இல்லீங்களா? அதைப் போயி ஏன் கெடுக்கறீங்க?”

நன்றாகத்தான் பேசினேன். சில அப்பாக்கள் தலையாட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் நன்றி சொன்னார்கள். பதில் சொல்ல எழுந்தது என் மகள்.

அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. மற்ற பெற்றோரைப் பார்த்த மாதிரியே என்னையும் பார்த்துப் பேசினாள். “நீங்க சொல்றது சரிதானுங்க. துண்டை யாரும் தொடறதில்ல. ஆனா ஜன்னல் எட்டாதவங்க இருக்காங்க. கையில கொழந்தைய வெச்சிருக்கவங்க இருக்காங்க. பஸ்ஸோட ஓட முடியாதவங்க இருக்காங்க. அவங்க தெனமும் நின்னுட்டுத்தான் வர்றாங்க. துண்டுக்குக் குடுக்கற அந்த மரியாதைய, நிக்கற ஆளுக்குக் குடுத்தா என்னங்க?”

 என் மனதில் வந்த பதில் வேறு. ‘நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும் சாமி, அவ்வளவுதான்’ என்பது அது. அதை அந்த வட்டத்தில் சொல்ல முடியவில்லை. “நன்றிங்க” என்றேன். முறை அதுதானே.

வரிசைக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பாய்தான் முதலில் தூக்கினார். நானும் தூக்கினேன், கடைசியில்.

அன்றிலிருந்து வரிசை வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. லாட்ஜில் என்னைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வருவதற்குள் வரிசை நீண்டுவிடும். நான் முன்னால் நின்று சீட் பிடித்தாலும் அவள் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். அவளுக்கும் முன்னாலேயே ஒரு இடம் இருந்தால்? ஜன்னல் வழியாகத் துண்டு போடக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? தரையில் போடக்கூடாது என்று சொல்லவில்லையே.

ஆடி மாதம். பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியாத சாயங்காலம். பஸ் ஸ்டாண்டில் யாருமே இல்லை. நான்தான் முதல் ஆள். நின்ற இடத்துக்குப் பின்னால் என் துண்டைத் தரையில் விரித்தேன். அது என் மகள். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குளிர் முழங்காலுக்கு ஏறியது. எதிரே டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. என் சாப்பாட்டுப் பையைத் துண்டுக்கு முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இப்போது அது நான்.

அடுத்து வந்தவர் பையையும் துண்டையும் பார்த்தார். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. தன் குடையைத் துண்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். அதற்கடுத்தவர் ஒரு சாக்கு. அப்புறம் ஒரு எண்ணெய் கேன். ஒரு ஜோடி செருப்பு. ஒரு பெரிய பலாப்பழம். டீக்கடைக்குள் நாங்கள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு, அடுப்புச் சூட்டில் சந்தோஷமாக நின்றோம். “புள்ளைங்க நல்ல காரியம் பண்ணியிருக்குதுங்க. இப்ப பாருங்க, ஒரு தள்ளுமுள்ளு இல்ல” என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றோம். மனதாரத்தான் சொன்னோம். வரிசை அவ்வளவு ஒழுங்காக இருந்தது. ஆட்கள்தான் அதில் இல்லை.

ஆள் ஒன்றே ஒன்று இருந்தது. குழந்தையோடு வருகிற அந்த எஸ்டேட்டுக்காரப் பெண் பலாப்பழத்துக்குப் பின்னால் வந்து, குழந்தையின் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். முதலில் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் வரிசையின் முன்னால் வந்து, குனிந்து, கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். துண்டைக் கையில் எடுத்தாள். நீலக் கரை போட்ட துண்டு. அவள்தான் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் துவைப்பாள். அதை எடுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்தாள்.

“இது யாருதுங்க?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். “என்றதுதான் சாமி.”

“அந்தப் பை?”

“அதும்தான்.”

 துண்டை என்னிடம் கொடுத்தாள். அப்போது பின்னாலிருந்து, “கண்ணு, அந்தப் பலாப்பழம் என்றது!” என்று ஒரு குரல். பாய்! டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். “நானு நிக்கறத உட அது நல்லா நிக்குதேன்னு உட்டுட்டனுங்க.”

கடையே சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாருங்கள், இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். அவரைப் பார்த்து அவள் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தப்புப் பண்ணி மாட்டிக்கொள்வதில்கூட அந்த மனுஷன் என்னைவிடக் கெட்டிக்காரர்.

“பொருளு வெச்சவங்க எல்லாரும் வரிசைக்குக் கடைசியில வந்தர்றீங்களா?” என்று பாயின் மகள் கேட்டாள். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள். யாரும் மறுக்கவில்லை. அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் நின்றோம். குழந்தையோடு இருந்த பெண் முதலாவது ஆளானாள். பிள்ளைகள் முன்னாலேயே போயிருக்கலாம். ஆனால் என் மகளும் பாயின் மகளும் எங்களோடு கடைசியில் வந்து நின்றார்கள்.

பஸ் வந்தது. எங்களுக்கு சீட் இல்லை. பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நான், என் மகள், பாய், அவர் மகள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாய் பலாப்பழத்தைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டார். என் மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. இத்தனை நாளாக அவள் பக்கத்து இடத்துக்காகத் தவித்தேன். இதோ பக்கத்தில்தான் நிற்கிறாள், ஒரு வார்த்தை வரவில்லை. இதற்குத் தூரத்திலிருந்து சிரிப்பைக் கேட்பதே மேல் என்று தோன்றியது.

ஒரு வளைவு தாண்டியதும் கேட்டாள். “ஏம்ப்பா அப்பிடிப் பண்ணுனீங்க? கூட்டத்துல கை தூக்குனீங்கல்ல?”

என்னென்னவோ காரணம் சொல்ல வாய் வந்தது. குளிர், முழங்கால் வலி. கடைசியில், “உன்ற பக்கத்துல உக்காந்து வரோணும் சாமி. வேற ஒண்ணுமில்ல” என்றேன். “நீ பள்ளிக்கோடத்துக் கதையெல்லாம் சொல்லி எத்தன நாளாச்சு. எல்லாம் பாய்க்குத்தான் தெரியுது. நர்ஸுக்குப் படிக்கோணும்னு ஆசைங்கறதக் கூட அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பஸ்ஸில் மெதுவாகச் சொல்வது என்று ஒன்று கிடையாது. குழந்தைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். “ஏனுங்க, இங்க வாங்க. நானு எந்திரிச்சுக்கறன். அப்பனும் புள்ளையும் உக்காந்து பேசிட்டு வாங்க” என்று எழுந்தேவிட்டாள்.

“வேண்டாங்கக்கா, கொழந்தைய வெச்சுட்டு எங்க நிப்பீங்க? நாங்க நின்னுட்டே பேசிக்கறோம்” என்று என் மகள் அவளை உட்காரவைத்தாள். அப்புறம் கம்பியில் கையை மாற்றிப் பிடித்து என் பக்கம் திரும்பினாள். கோபம் முழுக்கப் போய்விடவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

“எப்பப் பாத்தாலும் என்னையே சொல்லச் சொல்றீங்க. நீங்க ஒரு நாளாவது ஏதாச்சும் சொல்லியிருக்கீங்களா? லாட்ஜுல இன்னைக்கு என்ன பண்ணுனீங்க?”

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. புல் வெட்டினேன், தண்ணி விட்டேன், வேறென்ன? யோசித்ததில் காலையில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. “ஒரு கொரங்கு பேண்ட்டத் தூக்கிட்டுப் போயிருச்சு” என்றேன்.

“யாரு பேண்ட்ட?”

“மேல் ரூமுல தங்கியிருந்த ஆளு. பால்கனியில காயப்போட்டிருந்தாப்ல. கொரங்கு எடுத்துட்டு சில்வர் ஓக்கு மரத்துல ஏறி உக்காந்துருச்சு. அவரு டவுசரோட கீழ ஓடியாந்து, மரத்தப் பாத்துக் கையக் கூப்பி, ‘சார், குடுத்துருங்க சார், அதுல சாவி இருக்குது சார்’ங்கறாப்ல.”

“கொரங்க சார்னா கூப்பிட்டாரு?” பாயின் மகள் எட்டிப் பார்த்தாள்.

“ஆமா கண்ணு. பக்கத்துல நானு நிக்கறன். என்னையப் பாத்து, ‘ஏய், மரத்துல ஏறு’ங்கறாப்ல.”

என் மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. “உங்களை ஏய்னா?”

“கொரங்குக்கு சாரு, மாமாவுக்கு ஏயா?” என்று பாயின் மகளுக்கு மூக்கு விடைத்தது. “நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

மாமா! அந்தப் பிள்ளை என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “இருங்க சொல்றன்” என்றேன். உண்மையில் நான் அந்த ஆளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் ஒரு வாழைப்பழத்தைக் காட்டிக் குரங்கைக் கீழே இறக்கினேன், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பிள்ளைகளும் கண்ணை விரித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். முன் சீட்டிலிருந்து இரண்டு பேர் கழுத்தைத் திருப்பினார்கள். என் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இக்கட்டால வா கண்ணு, அங்க கம்பி இல்ல, உழுந்துருவ” என்று பாய் தன் மகளைக் கூப்பிட்டார்.

“இருங்கத்தா, மாமா கதை சொல்றாங்க.”

“கதைய இங்கிருந்தே கேளு.”

“அங்க கேக்காதுத்தா!”

நான் பாயைப் பார்த்தேன். சிரிக்கத்தான் பார்த்தார், அந்தப் பெரிய சிரிப்பு வரவில்லை. மகளின் முதுகையும் என் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே தெரியும்.

கதையை நான் கொட்டச்சேடு வரைக்கும் இழுத்தேன்.